நீச்சலும் இருதயமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருதயத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள், ஆனால் வந்தவர்களைப் பயமுறுத்தாதீர்கள்" என்று சங்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டார்கள். நீச்சலைப் பற்றிப் பேசுகிறோம் என்று பதில் சொன்னோம். இந்த வருடம் பாடசாலையில் நீச்சல் அணி மீண்டும் தொடங்கியிருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 1998இல் உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்புக்கு நீச்சல் விஷயத்தில் ஒரு பழைய கடன் இருக்கிறது. அதனால் இந்த உரையில் 'நாங்கள்' என்று வருவது மரியாதைக்காக அல்ல. எழுதியது ஒரு கைதான். ஆனால் அந்த அணியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஐந்து நாடுகளில் இருந்து வட்ஸ்அப்பில் வாசித்து, அடித்து, திருத்தி, சண்டை பிடித்து முடித்த உரை இது.

1996இல் எங்களுக்கு 16 வயது. பாடசாலையில் நீச்சல் தடாகம் கிடையாது. இன்றும் கிடையாது என்பதை அதிபர் அவர்கள் மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் விளையாட்டு டீச்சர் எங்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு நடப்பார். அங்கே பஸ் ஏறி, நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு தடாகத்துக்குப் போவோம். கண்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழை மாதங்களில் பின்னேரத் தண்ணீரில் இறங்கினால் விரல் நுனி நீலமாகிவிடும். அந்தக் குளிருக்குப் பயந்துதான் பஸ் ஏறுமுன் பேக்கரியில் மாலு பணிஸ் வாங்கிச் சாப்பிடுவோம்.

எங்களில் ஒருத்தி வெள்ளிக்கிழமை விரதக்காரி. மாலையில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வரும் வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்பது அவளுடைய அம்மாவின் சட்டம். அன்று அவள் இரண்டு மாலு பணிஸ் சாப்பிட்டாள். ஒன்று அவளுடையது, மற்றது எங்களில் ஒருத்தியிடம் பந்தயத்தில் வென்றது.

தடாகத்தில் பாய்ந்து பாதித் தூரம் நீந்தினாள். பிறகு கை அசையவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்க அப்படியே மிதந்தாள். யார் அதிக நேரம் மூச்சைப் பிடித்து மிதப்பது என்று நாங்கள் விளையாடுவது வழக்கம் என்பதால், கரையில் நின்ற நாங்கள் எண்ணத் தொடங்கினோம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. டீச்சர் எண்ணவில்லை. சேலையோடு பாய்ந்தார். இழுத்துக் கரையில் போட்டு, வாயில் வாய் வைத்து ஊதினார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, அவள் இருமிக்கொண்டு கண் திறந்தாள். அந்த டீச்சர் இன்று முதல் வரிசையில் இருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்கமாட்டார் என்பதால் கேட்கவில்லை.

வைத்தியசாலையில் ஓர் இளம் வைத்தியர் எங்களிடம் கேட்டார்: "பிள்ளை இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டாளா?" அதே நேரம் அவளுடைய அம்மா கதவடியில் வந்து நின்றார். நாங்கள் பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "இல்லை டொக்டர், விரதம்" என்றோம். வைத்தியர் தலையசைத்து எழுதிக்கொண்டார். வெறும் வயிற்றில் வந்த மயக்கம். குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீன் பணிஸ் விஷயம் அம்மாவுக்குத் தெரியாமல் தோழியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம்.

நோயாளியின் கதையைச் சரியாகக் கேட்டால் பாதி நோய் தெரிந்துவிடும் என்று பேராதனை மருத்துவ பீடத்தில் படிக்கும்போது சொல்லித்தந்தார்கள். பொய்க் கதையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எமக்கும் அப்போது அந்த மாலு பணிஸ் நினைவுக்கு வரவில்லை.

அதைப் பிறகு பார்ப்போம். முதலில் தண்ணீரில் இறங்கினால் இருதயத்துக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த உரையைக் கேட்டுவிட்டு யாரும் தன் மகளைத் தடாகத்தில் இருந்து எடுத்துவிடக்கூடாது.

கழுத்தளவு தண்ணீரில் சும்மா நின்றாலே போதும், தண்ணீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் இரத்தத்தை மேலே தள்ளும். அரை லீற்றருக்கும் மேற்பட்ட இரத்தம் நெஞ்சுக்குள் வந்து சேரும். இருதயம் நன்றாக நிரம்பும், ஒவ்வொரு துடிப்புக்கும் வழமையைவிட அதிக இரத்தத்தை வெளியே அனுப்பும். மேலறைகளின் சுவர் இழுபடும்போது அங்கிருந்து ஒரு ஹோர்மோன் சுரந்து, "உப்பையும் நீரையும் வெளியேற்று" என்று சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்பும். மகாவலியில் குளிக்கப் போன எல்லாருக்கும் தெரிந்த அந்த அவசரத்துக்குக் காரணம் இதுதான். குளிர் மட்டும் அல்ல.

நீந்தும்போது உடல் கிடையாக இருக்கிறது. ஓடுபவரின் இருதயம் கால்களில் இருந்து இரத்தத்தைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே எடுக்க வேண்டும், நீந்துபவருக்கு அந்தச் சுமை இல்லை. அதனால் ஒரே கடுமையில் உழைத்தாலும் நீச்சலில் எட்டக்கூடிய உச்ச நாடித்துடிப்பு ஓட்டத்தைவிட நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து குறைவாகவே இருக்கும். ஓட்டத்துக்கான நாடிக் கணக்கை வைத்துக்கொண்டு "நீ இன்னும் முழுசா முயற்சி பண்ணல்ல" என்று நீச்சல் பிள்ளைகளை ஏசும் பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வருடக்கணக்கில் பயிற்சி செய்பவர்களின் இருதயம் பெரிதாகும். இதை முதலில் கண்டுபிடித்தவர் ஹென்ஷன் என்ற சுவீடன் நாட்டு வைத்தியர். 1899இல் எக்ஸ்ரேயைக்கூட நம்பாமல், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சில் விரலால் தட்டிப் பார்த்தே, இவர்களின் இருதயம் பெரியது, ஆனால் அது நோய் அல்ல என்று எழுதினார். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 16 நீச்சல் வீரர்களையும் 16 ஓட்ட வீரர்களையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாரும் உலகத் தரத்தில் உள்ளவர்கள். இரு சாராரின் இருதயங்களும் சாதாரண மனிதர்களுடையதைவிடச் சிறப்பாக வேலை செய்தன. ஒரு சின்ன வித்தியாசம்: துடித்து முடித்ததும் ஓட்டக்காரரின் இடது கீழறை இன்னும் வேகமாக விரிந்து, இன்னும் முன்கூட்டியே நிரம்பியது. நீந்துபவரின் இருதயத்துக்குத் தண்ணீரே உதவி செய்வதால் அந்தப் பாடத்தை அவ்வளவு கடுமையாகப் படிக்கத் தேவை இல்லை. இது குறை அல்ல. நீச்சல் பிள்ளைகள் வாரத்தில் ஓரிரு நாள் தரையில் ஓடினால் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இருதயம் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் துடிக்கிறது. பயிற்சியால் 50 ஆகக் குறைந்தால் 72,000. அவ்வளவு ஓய்வு. மூட்டு வலியால் ஹந்தானை ஏற்றத்தில் நடக்க முடியாத அக்காமாருக்கு இடுப்பளவு தண்ணீரில் நடப்பதே நல்ல உடற்பயிற்சி. உடையைப் பற்றிய கூச்சம்தான் பெரிய தடை என்று தெரியும். கண்டி வாவிக்கரையில் அரசிகளுக்கென்றே உல்பங்கே என்ற குளிப்பு மண்டபம் கட்டினார்கள். மதுரையில் இருந்து அரசிகள் மணமுடித்து வந்த ஊர் இது. தண்ணீர் பெண்களுக்கு ஆகாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இனிக் குளிர். எங்கள் டீச்சர் பஸ்ஸில் போகும்போது வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் கதையைச் சொல்லுவார். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆனந்தன் ஒருபடி மேலே போய், அக்கரைக்கு நீந்தித் திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். 51 மணித்தியாலம் நீந்தியவருக்கு அந்தக் கால்வாய் எப்படிப் பெரிதாகும் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. பாக்கு நீரிணை வெதுவெதுப்பான கடல். ஆங்கிலக் கால்வாயில் ஓகஸ்டிலும் தண்ணீர் 16 முதல் 18 பாகை வரைதான் இருக்கும். இறைச்சியை விரைவாகக் குளிர்விக்க ஐஸ் தண்ணீரில் போடுகிறோம் அல்லவா? தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடலின் சூட்டை இழுத்துக்கொள்ளும். உடல் குளிர்ந்தால் தசைகள் முதலில் கைவிடும், பிறகு இருதயத்தின் தாளம். எதிர்ப்பக்கமும் ஆபத்துத்தான். 2010இல் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் ஐக்கிய அரபு இராச்சியத்தில் சூடான கடலில் நடந்த 10 கிலோமீற்றர் போட்டியில் இறந்தார். அதன்பின் திறந்தவெளி நீச்சலுக்குத் தண்ணீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று பாயும்போது உடலில் இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. தோலில் பட்ட குளிர், "வேகமாகத் துடி" என்கிறது. முகம் நனைந்து மூச்சை அடக்கியதும் மூளை, "மெதுவாகத் துடி" என்கிறது. இது நீர்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள அதே அனிச்சைச் செயல். ஒரே குதிரைக்கு ஒருவர் சவுக்கடி கொடுக்க மற்றவர் கடிவாளத்தை இழுப்பது போல. ஆரோக்கியமான இருதயம் ஓரிரு துடிப்புத் தடுமாறிச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாத சில இருதயங்களும் உண்டு. எங்கள் கடனுக்கு இங்கேதான் வந்து சேருகிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் அந்தத் தோழி எமது கிளினிக்குக்கு வந்தாள். கூடவே 14 வயது மகள். வேறொரு பாடசாலையின் நீச்சல் வீராங்கனை. போட்டி ஒன்றில் பாய்ந்து சில நொடிகளில் தண்ணீரிலேயே நினைவிழந்திருக்கிறாள். பயிற்சியாளர் இழுத்துப் போட்டதும் தானாகவே கண் விழித்துவிட்டாள். வேறு ஓரிடத்தில் காட்டியபோது பரீட்சைப் பயம், இரத்தக் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தோழி உட்காரக்கூட இல்லை. முதல் வார்த்தையே இதுதான்: "இவ காலையில நல்லா சாப்பிட்டா. என் கண்ணால பார்த்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாலு பணிஸ்.

மகளுக்கு ஈ.சீ.ஜி. எடுத்தோம். பழைய கெமராவின் பிளாஷ் நினைவிருக்கிறதா? ஒரு படம் எடுத்தபின் அது மீண்டும் நிரம்பும் வரை அடுத்த படம் எடுக்க முடியாது. இருதயத்தின் கீழறைகளும் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் அப்படித்தான் மின்சாரத்தை மீள நிரப்பிக்கொள்கின்றன. அந்த நேரத்தைத்தான் ஈ.சீ.ஜி. தாளில் கியூ-ரி இடைவெளி என்று அளக்கிறோம். நாடித்துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில், பெண்களில் 460 மில்லிசெக்கனைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். பிள்ளைக்கு 498. தாய்க்கும் எடுத்தோம். 474. அடுத்த வாரம் பாட்டியையும் அழைத்து எடுத்தோம். அவருக்கும் நீளம்தான்.

நீண்ட கியூ-ரி நோய் என்பது இது. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு உண்டு. பிறப்பிலேயே வருவது. உடற்கலங்களில் பொட்டாசியம் வெளியேறும் சிறு கதவுகளில் ஒரு வகை சரியாக வேலை செய்வதில்லை. ஓய்வாக இருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. ஓடும்போதோ நீந்தும்போதோ அட்ரினலின் பாய்ந்து துடிப்பு வேகமாகும், நிரப்பும் நேரமும் அதற்கேற்பச் சுருங்க வேண்டும். இவர்களுக்குச் சுருங்காது. முழுதாக நிரம்புமுன் அடுத்த துடிப்பு விழுந்தால் கீழறைகள் தாளம் தப்பி வெறுமனே துடித்து நடுங்கும். இரத்தம் மூளைக்குப் போகாது. சில நொடிகளில் மயக்கம். தாளம் தானாகத் திரும்பினால் பிள்ளை எழுந்துவிடும். திரும்பாவிட்டால் மரணம். தரையில் விழுந்தவருக்கு அந்தச் சில நொடி கிடைக்கும். தண்ணீரில் விழுந்தவருக்கு அதுவும் இல்லை.

இந்த நோயின் முதல் வகைக்கும் நீச்சலுக்கும் உள்ள தொடர்பு வியப்பானது. மரபணு தெரிந்த 670 நோயாளிகளை வைத்து 2001இல் வெளியான ஆய்வில், நீச்சலின்போது நேர்ந்த நிகழ்வுகளில் 99 வீதம் முதல் வகைக்காரருக்கே நேர்ந்திருந்தன. இரண்டாம் வகைக்காரர் அலாரம், தொலைபேசி மணி போன்ற திடீர்ச் சத்தத்தில் மயங்குவார்கள்.

தோழியின் குடும்ப மரத்தைத் தாளில் வரைந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது இவளுடைய தாய்மாமன், 22 வயதில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியில் இறந்தவர். அந்த ஊரிலேயே நல்ல நீச்சல்காரர். ஆழம் இழுத்துவிட்டது என்றார்கள் சிலர். ஆற்றில் ஏதோ பிடித்துவிட்டது என்றார்கள் மற்றவர்கள். பிரேத பரிசோதனையில் நீரில் மூழ்கிய மரணம் என்றே வந்தது. வேறு எப்படி வரும்? மின்சாரக் கோளாறு இறந்த இருதயத்தில் ஒரு தடயமும் விடாது. அவருக்கும் இதே நோய்தானா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாட்டி மட்டும் அந்த ஈ.சீ.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ என் தம்பி குடிச்சிட்டுப் போய் விழல்ல" என்றார். அப்படி ஒரு பேச்சும் ஐம்பது வருடமாக ஊரில் இருந்திருக்கிறது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம், பதினொரு பேரும், தனித்தனியாக. அவள் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். அந்த மயக்கத்துக்குப் பிறகு "உனக்கு உடம்பு பத்தாது" என்று வீட்டில் நீச்சலை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் ஒருவேளை உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. பொய்யான காரணத்துக்காகச் சரியான தடை. ஆனால் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், ஒரு ஈ.சீ.ஜி. எடுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும், அவளுடைய மகள் தண்ணீரில் விழும்வரை காத்திருக்கத் தேவை இருந்திருக்காது. இந்தக் கதையைச் சொல்ல அவளே அனுமதி தந்தாள். அவளும் மகளும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

மகளை இருதய நிபுணரிடம் அனுப்பினோம். அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் பீற்றா தடுப்பு மாத்திரை தினமும். தாய்க்கும் அதுவே. முதல் வகைக்கு இந்த மருந்து மிக நன்றாக வேலை செய்யும், ஒரு நாளும் தவறவிடாத வரை. தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கொடுத்தோம். எரித்திரோமைசின், கிளரித்திரோமைசின், வாந்திக்கு நாம் சாதாரணமாக வாங்கிப் போடும் டொம்பெரிடோன் எல்லாம் அதில் அடங்கும். வயிற்றோட்டம், வாந்தி வந்து பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்து.

ஆனால் பிள்ளை கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அமெரிக்காவின் டேனா வோல்மர். 2003இல், 15 வயதில், வோல்மருக்கும் இதே நோய் என்று சொன்னார்கள். நிறுத்தவில்லை. அவருடைய அம்மா மின் அதிர்வு கொடுத்து இருதயத்தை மீட்கும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடாகக் கரைக்கும் போனார். அடுத்த வருடம் ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் அஞ்சல் நீச்சலில் தங்கம். 2012 லண்டனில் மூன்று தங்கம், 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 56 செக்கனுக்குள் முடித்த முதல் பெண். "அவங்க நீந்தலாம்னா நான் ஏன் டொக்டர் நீந்தக் கூடாது?" என்றாள்.

எங்களிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. முன்பெல்லாம் இந்த நோய் என்றால் ஏறக்குறைய எல்லா விளையாட்டும் தடை. 2015இல் அமெரிக்க இருதய அமைப்புகள் அதைத் தளர்த்தின. சிகிச்சை எடுத்து, அறிகுறி இல்லாமல் இருந்து, கருவியும் பயிற்சி பெற்றவர்களும் பக்கத்தில் இருந்தால் போட்டி விளையாட்டைப் பற்றி யோசிக்கலாம் என்றன. ஒரேயொரு விதிவிலக்கு வைத்தன: முதல் வகை நோயால் ஏற்கனவே மயங்கியவருக்குப் போட்டி நீச்சல். அந்த விதிவிலக்கில் இந்தப் பிள்ளை அப்படியே உட்காருகிறாள். அதைச் சொன்னோம். அழுதாள். வோல்மரின் அம்மா தூக்கிப் போன அந்தப் பெட்டியை நாங்கள் போய்வந்த தடாகக் கரைகள் ஒன்றிலும் காணவில்லை என்பதையும் சொன்னோம். அது பிள்ளையின் குற்றம் அல்ல என்றும் சொன்னோம். மாத்திரையோடு, நிபுணர் பார்த்துச் சம்மதித்த அளவில், இப்போது வலைப்பந்து விளையாடுகிறாள். நன்றாகவே விளையாடுகிறாள் என்று கேள்வி. இன்னும் எங்களோடு முழுதாகக் கோபம் தீரவில்லை.

தாய்மாருக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு விளக்கம். காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று, கண் இருட்டி, வியர்த்து, மெல்லச் சரியும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் எழுந்துவிடும். நூறு வருடமாக இந்த முற்றத்தில் அப்படி விழுந்தவர்களின் எண்ணிக்கை பரிசு வாங்கியவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கும். பயப்பட வேண்டியது வேறு மயக்கம்: ஓடும்போதே, நீந்தும்போதே, முன்னறிவிப்பே இல்லாமல் விழுவது. அந்த மயக்கம் இருதயத்தால் அல்ல என்று நிரூபிக்கும் வரை இருதயத்தால்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணூறு, பேய், பசி, மாதவிடாய், பரீட்சைப் பயம், எல்லாம் அதற்குப் பிறகு. வலிப்பு என்று வருடக்கணக்கில் மருந்து குடித்தும் குறையாத பிள்ளைகளில் சிலருக்கும் உண்மையில் இந்த நோய்தான். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள், நன்றாக நீந்தத் தெரிந்தும் மூழ்கியவர்கள் இருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் தாமதிக்க வேண்டாம். நோர்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் 1957இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வர் காது கேளாதவர்கள், நால்வருக்கும் மயக்கம், மூவர் சிறுவயதிலேயே இறந்தார்கள். இருதயத்தில் உள்ள அதே பொட்டாசியக் கதவு உட்செவியிலும் இருக்கிறது. தாய் தந்தை இருவரிடம் இருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் இரண்டும் பாதிக்கும். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அப்படிச் சேரும் வாய்ப்பு அதிகம். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உள்ள நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஈ.சீ.ஜி. எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்லமாட்டோம். சிலருக்கு ஓய்வில் எடுத்தால் சரியாகவே இருக்கும், நடக்கவைத்தோ ஓடவைத்தோ பார்க்க வேண்டும். இருதயத்தின் இரத்தக் குழாய் அடைப்பும் அதில் தெரியாமல் போகலாம். நோர்வேயின் உலக நீச்சல் சாம்பியன் அலெக்சாண்டர் டாலே ஊன் 2012இல் பயிற்சி முகாமில் குளியலறையில் விழுந்து இறந்தார். வயது 26. அவருக்கு இருந்தது அடைப்பு. ஆனால் தோழிக்கும் மகளுக்கும் இருந்தது சாதாரண ஈ.சீ.ஜி. தாளில், பத்து நிமிடத்தில் தெரிந்தது. ஒருவராவது எடுத்துப் பார்த்திருந்தால்.

அதனால் எங்கள் வகுப்பு சங்கத்திடம் இரண்டு விஷயம் கேட்கிறது. நூற்றாண்டு நிதியில் வாசல் வளைவும் பெயர்க்கல்லும் திட்டத்தில் உள்ளன. பெயர்க்கல்லில் எங்கள் வகுப்பின் பெயர் வேண்டாம். அந்தப் பங்கோடு நாங்களும் சேர்த்துப் போடுகிறோம், அந்த மின் அதிர்வுப் பெட்டி ஒன்று வாங்கித் தாருங்கள். நீச்சல் அணி தடாகத்துக்குப் போகும் நாளில் அதுவும் பஸ்ஸில் போகட்டும். மற்றது, அணியோடு போகும் ஆசிரியைகளுக்கும் மூத்த மாணவிகளுக்கும் முதலுதவிப் பயிற்சி. தண்ணீரில் இருந்து எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால் முதலில் வாயில் ஊத வேண்டும், பிறகு நெஞ்சின் நடுவே ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், யாராவது ஒருவர் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். டீச்சருக்கு இதில் முதல் பாதியை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகு போன வாரம்தான் கேட்டோம். சாரணியர் புத்தகத்தில் படித்ததாம். அன்றுதான் முதல் தடவையாகச் செய்து பார்த்தாராம்.

வருகிற இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஈ.சீ.ஜி. எடுக்க எங்கள் வகுப்பில் இருந்து மூன்று பேர் வருகிறோம். நீச்சல் அணிப் பிள்ளைகள் எல்லாரும் வர வேண்டும். விளையாடும்போது எப்போதாவது மயங்கிய அக்காமாரும் கூச்சப்படாமல் வாருங்கள், வயது ஒரு பொருட்டல்ல. விரதம் இருக்கத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டே வரலாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லமாட்டோம்.